பச்சை வயரின் மறுமுனை

தம்பியின் உயிர் என்ன விலை என்று யாராவது கேட்டிருந்தால் பட்டறைக்காரர் யோசிக்காமல் சொல்லியிருப்பார்: ஒரு செம்புத் தகடு, இரண்டு மூட்டை கரி, ஒரு மூட்டை உப்பு, ஆள் உயரக் குழி வெட்ட ஒரு நாள் கூலி, குழியிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் இழுக்கப் பச்சை வயர். பட்டறை தொடங்கிய வருஷம், மிஷினில் கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த்துக்கு வயர்மேன் விரல் மடக்கிச் சொன்ன கணக்கு அது. அதிகம் என்று பட்டறைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். பாதிக்குக் கேட்டார், பாதியில் பாதிக்குக் கேட்டார், கடைசியில் வாங்காமலே விட்டால் முழுசும் லாபம்தானே என்று எழுந்து வந்துவிட்டார்.

அந்தக் குழி வெட்டப்படாத பட்டறையில்தான், கரண்டே இல்லாத ஒரு சாயங்காலம், கரண்ட் பார்க்கும் டெஸ்டர் எரிந்தது.

தம்பி போன மறுநாளே மின்சார ஆபீஸ் ஆட்கள் வந்து கம்பத்திலிருந்து பட்டறைக்கு வரும் வயரை வெட்டிச் சுருட்டி எடுத்துக்கொண்டு, மீட்டரையும் கழற்றிப் போயிருந்தார்கள். மீட்டர் இருந்த இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. உள்ளே மரத்தூள் வாசனையும் பழைய வார்னிஷ் வாசனையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்க, இழைப்பு மிஷின் மட்டும் நடுவில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. எருமை என்று அதற்குப் பெயர் வைத்தவன் தம்பி. ஓடும்போது அப்படித்தான் உறுமும். மறுநாள் யாரோ விலைக்குப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்ததால் பட்டறைக்காரர் அதைத் துடைக்க வந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த தம்பியின் சட்டையிலிருந்து எடுத்த டெஸ்டர் அவர் பையில் இருந்தது. அதன் தலையில் தம்பியின் பல்தடம். யோசனையில் இருக்கும்போது அதைக் கடிப்பது அவன் பழக்கம்.

தொடுவதற்கு முன்னால் டெஸ்டர் வைத்துப் பார்ப்பதும் அவன் பழக்கம்தான். இவர் ஏன் அதைச் செய்தார் என்று இவருக்கே தெரியாது. முனையை எருமையின் இரும்பு உடம்பில் வைத்து, தலையில் விரலை அழுத்தினார்.

உள்ளே சிவப்பாக ஒரு மணி எரிந்தது. மங்கலாக. தூக்கத்தில் பாதி திறந்த கண் மாதிரி.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். வெளுத்த சதுரம் அப்படியே இருந்தது. வெட்டிய வயரின் முனைகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. எங்கோ ஓர் உறுமல், மிக மெலிதாக, காதில் விழுகிறதா தாடையில் அதிர்கிறதா என்று பிரிக்க முடியாதபடி ஓடிக்கொண்டிருந்தது.

பயப்பட வேண்டிய இடம் இது என்று அவருக்குத் தெரிந்தது. அதுவும் தகவலாகத்தான் தெரிந்தது, வெளியூரில் மழை என்பதுபோல.

தம்பி போன தினத்திலிருந்தே அப்படித்தான். எருமையின் வயிற்றுக்குள் எங்கோ ஒரு வயரின் தோல் தேய்ந்து, கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாக இரும்பு உடம்புக்குக் கசிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மண்ணுக்குப் போக ஒரு பச்சை வயர் இருந்தால் அது பேசாமல் அந்த வழியே போயிருக்கும். இல்லாததால் தொட்டவர் வழியாகப் போகப் பார்த்தது. அதற்கும் பட்டறைக்காரர் ஒரு மலிவான மருந்து கண்டுபிடித்தார். மொத்தக் கடையில் ரப்பர் செருப்பு ஒரு கட்டு வாங்கிப் பரண்மேல் போட்டார். "செருப்புதான்யா நம்ம எர்த்து. போட்டுக்கிட்டு வேலையப் பாருங்க" என்றார். எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். வெறுங்காலோடு பட்டறைக்குள் வருவதில்லை என்பது அங்கே சட்டமாயிற்று.

அதை விளையாட்டாக்கியவன் தம்பி. செருப்புக் காலோடு நின்று, இடது கையை எருமைமேல் வைத்துக்கொண்டு, சட்டத்தை மறந்து பக்கத்தில் வெறுங்காலோடு வருகிறவரின் பிடரியை வலது ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு தட்டுவான். அந்த விரல் பழைய உளிக்காயத்தால் முதல் கணுவில் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். சுர்ரென்று ஏறும். இவனுக்கு அது பழகிப்போன சங்கதி. தேநீரோடு எருமைப் பக்கம் வரும் பட்டறைக்காரரின் மனைவிதான் அதிகம் மாட்டுவாள்.

"அண்ணி, கழுத்துல ஏதோ பூச்சி."

"எங்க?"

சுர்.

"நாசமாப் போறவனே" என்று கரண்டியோடு அவனைத் துரத்துவாள். பட்டறையே சிரிக்கும்.

மழை ஈரம் தரையில் ஊறியிருந்த நாளில் தம்பியின் செருப்பு வார் அறுந்தது. "அண்ணே, வார் போச்சு. புதுசு ஒண்ணு எடுக்கட்டா?" என்று கேட்டான். பரணில் இருந்தது பிரிக்காத கட்டு. ஒன்றை எடுத்தால் ஆளாளுக்குக் கேட்பார்கள். "இந்த லோடு போகட்டும்டா, சாயங்காலம் எடுத்துக்க" என்றார் இவர். அவன் ஒரு கால் செருப்பும் ஒரு கால் தரையுமாகப் பலகையைத் தள்ளினான். கரண்ட் பிடித்தபோது அவன் கத்தவில்லை. எருமையைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். வாய் சிரிப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்ததால் எல்லோரும் விளையாட்டு என்றே நினைத்தார்கள். இவர்தான் ஓடிப்போய் வலது கையால் அவனைப் பிடித்து இழுத்தார். எதுவோ இவரைத் தூக்கிச் சுவரில் அடித்தது.

அதற்குப் பிறகு வலது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. நரம்புதான், மெல்லச் சரியாகும் என்றார் டாக்டர். சரியாகவில்லை, மரத்துப்போனது மேலே ஏறியது. முழங்கை போயிற்று. பிறகு தோள். தம்பியைத் தூக்கிக்கொண்டு போனபோது ஊரே அழுதது. இவர் கண் துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருந்தது. பரணில் இருந்த கட்டைப் பிரித்து ஒரு ஜோடிச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை.

பட்டறைக்குப் பின்னால் ஒரு முற்றம். முற்றத்தைத் தாண்டினால் வீடு. டெஸ்டர் எரிந்த அன்று ராத்திரி மனைவி தட்டை அவர் முன் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"உப்பு சரியா இருக்கா?"

"இருக்கு."

"நான் உப்பே போடலைங்க. மறந்துட்டேன்."

அவர் மென்றுகொண்டிருந்தார். அவள் உப்பு டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஒரு தடவை அழுதுடுங்க. கடன வாங்கியாவது அழுதுடுங்க."

"வட்டி யார் கட்டுறது?" என்றார். பழைய பழக்கத்தில் நாக்கு தானாகச் சொன்னது. அவள் சிரித்தாள், பிறகு முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள். சமாதானம் செய்யலாம் என்று அவர் தண்ணீர் டம்ளரை எடுத்து நீட்டினார். வாங்கியவள் கையை உதறினாள். டம்ளர் உருண்டது.

"என்னமோ சுர்ருன்னுச்சு." தன் விரல்களைப் பார்த்தாள். "உங்க தம்பி சீண்டுற மாதிரியே."

மறுநாள் காலை அவர் குழாயில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரிந்தது. ஈரச் சுவரில் வைத்தார். எரிந்தது. ஜன்னல் கம்பியில், அடுப்படி மேடையில், முற்றத்து மண்ணில் நட்டிருந்த துணிக்கம்பத்தில். எல்லாவற்றிலும் அந்தச் சிவப்பு மணி, நேற்றைவிடக் கொஞ்சம் கண் விழித்து. மேஜையில் எரியவில்லை. பிளாஸ்டிக் வாளியில் எரியவில்லை. காதுக்குள் உறுமல். பட்டறையில் கேட்ட அதே உறுமல், வீட்டிலும்.

வயர்மேனைக் கூப்பிட்டார். மெயின் பெட்டியில் பீஸ் வயர் மாட்டும் கட்டையைப்போலக் குள்ளமாக, தடியாக இருப்பதால் அவனுக்குப் பீஸ் கட்டை என்று பெயர். வீட்டு மெயினை அணைத்துவிட்டு, தன் டெஸ்டரை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி வந்தான்.

"ஒண்ணும் இல்லையே முதலாளி. சுத்தமா இருக்கு."

"இத வச்சுப் பாரு" என்று தம்பியின் டெஸ்டரைக் கொடுத்தார்.

குழாயில் வைத்தான். எரியவில்லை. சுவரில் வைத்தான். எரியவில்லை.

"உங்களுக்குத் தூக்கம் வேணும்" என்றான், கேலி இல்லாமல். "கோளாறு வீட்டுல இல்ல."

அவன் போனபிறகு அவர் குழாயடியில் வெகுநேரம் நின்றார். கடையில் எந்தச் சரக்கை நிறுத்தாலும் எடை தப்பாக வருகிறது என்றால் சரக்கைக் குறை சொல்லமாட்டார்கள், தராசைத் திருப்பிப் பார்ப்பார்கள். அவன் கையில் எரியாதது இவர் கையில் எரிகிறது. அதுவும் மண்ணோடு ஒட்டியதில் மட்டும். மண்ணுக்கு வழி உள்ளதில் மட்டும்.

டெஸ்டரைத் திருப்பினார். முனையைத் தன் வலது மணிக்கட்டில் வைத்து, தலையைக் குழாயில் அழுத்தினார்.

மணி அல்ல இப்போது. தணல்.

அடியில் ரப்பர். மேலே கரண்ட். வெளியேற வழி இல்லை. எருமை நின்ற நிலையில் இவர் நின்றுகொண்டிருந்தார். தம்பி வழியாக முழுசாகப் போய் முடியாத ஏதோ ஒன்று, இழுத்தபோது இந்தக் கைக்குள் வந்து தங்கியிருந்தது. தங்கி, நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டிருந்தது.

செருப்பைக் கழற்றினால் போதும் என்று தோன்றியது. வலது காலை உருவி, பெருவிரலை மட்டும் சிமெண்டில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்தபோது விரல் புழுப்போல் சுருண்டிருந்தது. நகம் கறுத்து, அதன் ஓரத்தில் நூல் அளவுக்குப் புகை. முடி கருகிய வாசனை. காலைச் செருப்புக்குள் மீண்டும் நுழைத்தார். வழி அதுதான், ஆனால் விலை முழு விலை. முழு விலை கொடுத்து அவர் எதையும் வாங்கியதில்லை.

அன்றிலிருந்து மனைவியிடம் நெருங்குவதை நிறுத்தினார். அவள் கொடுப்பதைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டார். பட்டறையில் பலகை போட்டுப் படுத்தார். காதைப் பலகையில் வைத்தால் உறுமல் பலகைக்குள்ளிருந்து கேட்டது. எழுந்து உட்கார்ந்தால் மார்புக்குள்ளிருந்து கேட்டது. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. தன் கையில் என்ன இருக்கிறது என்று எதிராளிக்குக் காட்டாமல் பிழைத்த மனிதர். அவள் எதிராளி இல்லை என்பது தெரியும். ஆனால் வேறு விதமாகப் பேச அவர் கற்றிருக்கவில்லை.

"வீட்டுக்குள்ளயாவது செருப்புப் போட்டு நட" என்றார் ஒருநாள் வாசலில் நின்று.

"எதுக்கு?"

"போடேன்."

"அவன் காலுக்குக் கிடைக்காத செருப்பு எனக்கு வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

அவளை அவர் பார்த்தார். பிடரியில் கொண்டைக்குள் அடங்காத பூனைமயிர். அந்த வெறுங்கால்கள். ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் இந்த உலகத்தில் இனி விட்டுக்கொடுக்க முடியாத சரக்கு இது ஒன்றுதான் என்பது கணக்குப் போட்ட பிறகு வரும் விடைபோல, சூடு இல்லாமல், சந்தேகமும் இல்லாமல் தெரிந்தது.

பீஸ் கட்டையை மறுபடி கூப்பிட்டார்.

"அந்தக் குழி. எர்த்துக் குழி. வெட்டு."

"லைனே இல்லாத பட்டறைக்கா?"

"எருமையோட சேர்த்து இடத்தையும் விக்கிறேன். குழி இருந்தா விலை கூடும்."

அவன் தயங்கித் தயங்கி ஒரு கூலி சொன்னான். அவர் சரி என்றார். அவன் முகம் மாறியது.

"முதலாளி, நீங்க பேரம் பேசாம ஒத்துக்கிட்டா எனக்குக் கூலி வாங்கவே மனசு வரல. ஒரு வார்த்தை குறைச்சுக் கேளுங்க."

"வெட்டுடா."

வீட்டுப் பின்வாசலுக்கும் பட்டறைக்கும் நடுவே, முற்றத்தில் வெட்டினான். தலை மறையும் ஆழத்தில் செம்புத் தகட்டை நிறுத்தி, பச்சை வயரை முறுக்கி, கரி ஒரு அடுக்கு உப்பு ஒரு அடுக்காகக் கொட்டி மூடினான். மேலே தண்ணீர் ஊற்றியதும் மண் உறிஞ்சிய சத்தம் அவருக்குக் கேட்டது. தாகம் தீராத தொண்டையின் சத்தம். பச்சை வயரின் மறுமுனை மண்ணுக்கு மேலே சுருளாகக் கிடந்தது.

"இந்த மாதிரி எர்த்து எங்கயும் கிடையாது" என்று பீஸ் கட்டை கை கழுவினான். "யானைக்குள்ள கரண்ட் இருந்தாலும் இழுத்துக்கும். காய மட்டும் விடக்கூடாது. சாயங்காலமானா ஒரு வாளித் தண்ணி ஊத்தணும். ஈரம் இருந்தாதான் குடிக்கும்."

அவன் போனான். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் குழிக்குப் பக்கத்தில் மர ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். இடது கையில் வயரைப் பிடித்து, தோலைப் பல்லால் உரித்துச் செம்பை விரித்து, வலது மணிக்கட்டில் சுற்றினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. முறுக்கினார்.

பட்டென்று ஒரு நீலப் பொறி. அவ்வளவுதான்.

உறுமல் நின்றது.

நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரிந்தது. பக்கத்துத் தெருவில் யாரோ கதவைச் சாத்துவது கேட்டது. மரத்தூள் மணத்தது. டெஸ்டரை எடுத்து, முனையை மணிக்கட்டில் வைத்து, தலையை ஈர மண்ணில் அழுத்தினார். இருட்டு. திரும்ப வைத்தார். இருட்டுதான். இவ்வளவு மலிவாக முடிந்துவிட்டதே என்று முதலில் தோன்றியது. அதற்கு வெட்கப்பட வேண்டும் என்பது அடுத்துத் தோன்றியது. கண்ணோரத்தில் எதுவோ ஈரமாக இறங்கியது. வருகிறது என்று நினைத்தார். இன்றைக்கு இப்படியே உட்கார்ந்திருந்தால் வந்துவிடும். தம்பிக்கு அழுதுவிடலாம். பிறகு உள்ளே போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

பின்வாசல் திறந்தது. அவள் வாளியோடு வந்தாள்.

"பீஸ் கட்டை சொல்லிட்டுப் போனாரு, தண்ணி ஊத்தணும்னு. நீங்க ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? கையில என்ன?"

"சும்மா" என்றார். வார்த்தை கொஞ்சம் குழறியது.

அவருடைய முகத்தில் ஈரத்தைப் பார்த்துவிட்டு அவள் மேலே கேட்கவில்லை. அவருக்கு முதுகைக் காட்டி, புது மண்ணின்மேல் ஏறி நின்று, வாளியைச் சரித்தாள். தண்ணீர் அவள் பாதங்களை நனைத்துக்கொண்டு இறங்கியது. மண் குடித்தது. உப்பு வாசனை எழுந்தது. கால் விரல்களுக்கிடையே கரிச்சேறு பிதுங்கியது. அவள் கொஞ்சம் குனிந்தாள். பிடரி தெரிந்தது.

"அவன் இருந்திருந்தா" என்றாள், திரும்பாமல், பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாக, "இந்நேரம் கழுத்துல ஒண்ணு வச்சிருப்பான்."

உறுமல்.

தாடைக்குள். மிகப் பக்கத்தில்.

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். வயர் இல்லை. பச்சைச் சுருள் மடியில் கிடந்தது. நன்றாக, அவசரமில்லாமல், பழகிய கைபோலப் பிரித்துப் போட்டிருந்தது. பிரித்தது எது என்று தேடினார். வலது கை மடியில் இல்லை.

அது முன்னால் நீண்டிருந்தது.

நீட்டியது அவரல்ல. அவருக்குத் தெரியவே இல்லை. கண்ணால்தான் பார்த்தார். மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டு, முதல் கணுவில் கொக்கியாக வளைந்து, மெல்ல. மெல்ல. அவருடைய விரல் வளைந்ததே கிடையாது.

நகரு என்று சொல்ல நாக்கைத் தேடினார். இருந்த இடத்தில் இல்லை. எழ முயன்றார். கால்கள் செருப்புக்குள் எங்கோ இருந்தன. இடது கையால் வலது கையைப் பிடிக்க நினைத்தார். நினைப்பு தோள்வரை போய்த் திரும்பி வந்தது.

அவள் பிடரியில் இருந்த பூனைமயிர் ஒவ்வொன்றாக எழுந்து, காற்றே இல்லாமல், விரலை நோக்கிச் சாய்ந்தது.

"என்னங்க" என்றாள். "கழுத்துல ஏதோ பூச்சி."

செம்புத் தகடு ஒன்று, வைத்தாயிற்று. கரி இரண்டு மூட்டை, கொட்டியாயிற்று. உப்பு ஒரு மூட்டை, தண்ணீர் ஒரு வாளி, ஊறிவிட்டது. குழி ஆள் உயரம். ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, அவர் காலில். வெறுங்கால் ஒரு ஜோடி, ஈர மண்ணில். பாக்கி ஒரு விரற்கடை.